மாமாவின் முதுகில் கருப்பட்டிப் பை

கழுத்தில் டை கட்டினால் மூளைக்கு ரத்தம் குறைவாகப் போகும் என்பது என் கருத்து. மேனேஜரான முதல் வாரத்தில் நான் செய்தவற்றுக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் ஆறு வருஷம் நான் மசாஜ் தெரபிஸ்ட். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடியில் ஸ்பா. தொழிலில் குறையில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில்தான் “மசாஜா?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்தது. (சில வீடுகளில் காப்பி வருவதற்குள்ளேயே வெளியே வந்துவிட்டோம்.) அதனால் சாத்தான்குளத்தில் சம்பந்தம் பேசும்போது, முதலாளி அப்போதுதான் கொடுத்திருந்த பதவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“ஆரம்பத்துலேருந்தே நிர்வாகம்தான் மாமா. யார் மேலயும் கை வைக்கதே கிடையாது” என்று பெண்ணின் அப்பாவிடம் புளுகினேன்.

அவர் கருப்பட்டி வியாபாரி. “சரி, ஒருநா வந்து இடத்தைப் பாக்கேன்” என்றார். எனக்குப் பெண்ணை ரொம்பவே பிடித்திருந்தது. இது தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்ற நிலையில் இருந்தேன்.

மேனேஜர் ஆனதும் நான் செய்த முதல் சீர்திருத்தம் மொழி. மிசோரமிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த டேவிட்டுக்குத் தமிழ் தெரியாது. ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுத்தால் ஸ்பாவின் மதிப்பு என்னாவது? நாற்பது சுத்தமான சொற்களை எழுதிக் கொடுத்தேன். மேலே, கீழே, வலி, போதும், மெதுவாக. வாடிக்கையாளர்கள் கிளம்பும்போது கேட்பார்களே என்று, கடைசியில் ‘பை’. “பைய என்று சொன்னால் உடனே அவருடைய பையை எடுத்துக் கொடுக்க வேண்டும்” என்று விளக்கம் வேறு. திருநெல்வேலிக்காரன் எவனும் வலித்தால் ‘மெதுவாக’ என்று சொல்ல மாட்டான், ‘பைய’ என்றுதான் சொல்வான் என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை.

மாமா ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் எங்கள் வீட்டுக்கென்று ஐந்து கிலோ கருப்பட்டி அடைத்த மஞ்சப்பை. இடத்தைச் சுற்றிப் பார்த்தார். வரவேற்பு மேஜையில் சாமி படத்தைக் கண்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அத்தோடு விட்டிருக்கலாம்.

“ஒரு மசாஜ் எடுத்துப் பாருங்க மாமா” என்று அவரை டேவிட்டிடம் ஒப்படைத்துவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே நடந்தது பிறகு டேவிட் சொல்லித்தான் தெரியும். முதல் அழுத்தலுக்கே மாமா, “பைய, பைய” என்றிருக்கிறார். டேவிட் பையை எடுத்து வந்து கட்டிலருகே வைத்துவிட்டு, அதே பலத்தோடு தொடர்ந்தான். “ஏலே, பையலே!” என்று மாமா சத்தம் போட, பையை இன்னும் நெருக்கி, குப்புறக் கிடந்தவரின் மூக்குக்கு நேராக வைத்தான். வலி தோளுக்கு ஏறியது. “மேல... மேல பைய!”

எங்கள் ஸ்பாவில் முதுகில் சூடான கல் வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. டேவிட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்து கிலோவையும் அப்படியே தூக்கி மாமாவின் முதுகில் ஏற்றினான்.

அலறல் கேட்டு ஓடினேன். இடுப்பில் துண்டோடு, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ள, மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே என்னைத் திட்டினார்.

“என்ன இடம்வே இது? மனுசனைப் படுக்கப்போட்டு முதுகுல மூட்டை அடுக்குதான்!”

டேவிட் பரிதாபமாக என் பட்டியலை நீட்டினான். என் கையெழுத்து அதில் முத்து முத்தாக இருந்தது.

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. டையைக் கழற்றி எறிந்தேன். “படுங்க மாமா” என்று சொல்லி, தோள்பட்டைக்கு மேலே சுருண்டு நின்ற நரம்பைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்தேன்.

“பைய” என்றார் மாமா, பயத்தோடு.

“பையத்தான் செய்யுதேன் மாமா.”

பத்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். எழுந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“யார் மேலயும் கை வைக்கதே கிடையாதுன்னீரு?”

“ஆறு வருஷமா இதுதான் மாமா வேலை. பொய் சொல்லிட்டேன்.”

சட்டைப் பொத்தான் அத்தனையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

“உம்ம பட்டியலைப் பாத்தா மேனேஜர் வேலைக்கு நீரு லாயக்கில்லவே. ஆனா பொண்ணு தாரேன். அந்தப் பயகிட்ட மட்டும் இனிமே என்னைய விட்டுராதேயும்.”

இன்று மூன்று கிளைகளை நிர்வகிக்கிறேன். பாளையங்கோட்டைக் கிளைக்கு டேவிட்தான் மேனேஜர். (அவன் பேசும் நெல்லைத் தமிழ் எனக்கே சில சமயம் புரிவதில்லை.) புதிதாக வருபவர்களுக்குப் பட்டியல் எழுதும் வேலை அவனுடையது. அதில் முதல் சொல் ‘பைய’. என்னை அந்தப் பக்கமே விடுவதில்லை.

மாமா மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து பாயை விரித்துக் குப்புறப் படுப்பார். நான் தொடுவதற்கு முன்பே, வேண்டுமென்றே, “பைய” என்பார். உடனே என் ஆறு வயது மகள் பள்ளிக்கூடப் பையை இழுத்துக்கொண்டு ஓடிவந்து தாத்தாவின் முதுகில் ஏற்றுவாள். என் மனைவி அடுப்படியிலிருந்தே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

மாமா மட்டும் சிரிக்க மாட்டார். “இன்னும் கொஞ்சம் மேல, மேனேஜரம்மா” என்பார்.