கதிரை காத்த கல்

ஓர் உத்தியோகத்தர் தமது கதிரையில் அமர்ந்திருப்பது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமல்ல. அதற்குத்தான் கதிரை. அந்தக் கதிரைக்கு முன்னால் பொதுமகன் ஒருவன் பதினொரு மாதம் நிற்பதும் குற்றமல்ல. அதற்குத்தான் பொதுமகன்.

நான் கண்டிச் சந்தைக்குப் போகும் தெருவோரம் மேசை போட்டு மோதிரம் விற்கிறவன். மேசைக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். பழையது காலாவதியாகிவிட்டது. புதியதற்கான பைல், அனுமதிக் கந்தோரில் தனபாலன் சேருடைய அலுமாரியில் சயனித்திருந்தது. பெரஹெரா என்னும் யானை ஊர்வலத் திருவிழா தொடங்குவதற்கு முந்திய திங்கட்கிழமை, பத்திரமில்லாத மேசைகளை லொறியில் அள்ளிப் போவார்கள். பெரஹெரா வியாபாரம்தான் எனக்கு வருஷச் சோறு.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. விலையைக் குறைத்துக் கேட்டால் நான் விலையைக் குறைப்பதில்லை. கல்லின் குணத்தைக் கூட்டுவேன். புசல்லாவைத் தோட்டத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு ஓடிவந்து, அடிபட்டுப் படித்த வித்தை அது ஒன்றுதான்.

ஒருநாள் தனபாலன் சேரே மேசைக்கு வந்தார். அவருக்குப் பன்விலக் கந்தோருக்கு இடமாற்றம் வந்திருந்தது. அவருடைய இடத்துக்கு வர இருந்தவர் றிஸ்வி. வந்த பைலில் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறவர் என்று உத்தியோகத்தர்கள் மத்தியில் கெட்ட பெயர் எடுத்தவர். இன்னும் பதினைந்து நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சேர் ஒரு ஜாஸ்பர் கல் மோதிரத்தை எடுத்தார். வத்தேகம ஹபீல் நானா கையாலேயே அரைத்து, மினுக்கி, வெள்ளியில் பதித்தது. செங்கல் நிறம், நடுவில் ஒரு கறுப்புக் கோடு. நாலாயிரம் என்றேன். ஆயிரத்தைந்நூறு என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. மூன்று நாள் அரைத்த கல்லய்யா அது.

"அந்தக் காலத்துலருந்து பேர்போன கல்லு சேர். மூக்குல ரத்தம் வந்தா நிப்பாட்டும்."

"எனக்கு மூக்கில ரத்தம் வாறதில்லை."

"பாம்பு கிட்ட வராது."

"கந்தோருக்குள்ள என்ன பாம்பே இருக்கு?"

"அத நான் எப்படிச் சொல்றது சேர்."

இரண்டாயிரம் என்றார். இதுவரை சொன்னது கல்லைப் பற்றி உலகம் சொல்லி வருவது. இதற்குமேல் பேசியது என் வாய்.

"இதப் போட்டவங்கள, இருந்த எடத்த விட்டு எவனாலயும் எழுப்ப முடியாது."

மறுபேச்சில்லாமல் நாலாயிரத்தைத் தந்துவிட்டுப் போனார். அவர் தெருவைக் கடந்த பிறகுதான், எதை யாருக்கு விற்றேன் என்பது எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாற்றம் ரத்தானது. பன்விலக் கந்தோரின் கூரை விழுந்துவிட்டதாம். விழுத்தியது கல்தான் என்று இங்கே கந்தோரில் ஏகமனதாக முடிவாகியது. அடுத்த வாரம் என் மேசையில் ஜாஸ்பர் தங்கவில்லை. எழுதுவினைஞர் ஞானேஸ்வரி இரண்டு வாங்கினார், ஒன்று கால்விரலுக்கு. மேசை அள்ளும் லொறிக்குப் பொறுப்பான ஓவசியர்கூட விட்டுவைக்கவில்லை.

மோதிரம் வந்தால் சுற்றறிக்கை வரவேண்டும். வந்தது. 'மேற்படி கல்லை அணிந்துள்ள உத்தியோகத்தர்கள் தகுந்த காரணமின்றி எழும்புவது, கல்லின் செயற்பாட்டுக்கு இடையூறு விளைவிப்பதாகக் கருதப்படும்.'

நான் பைலைத் தேடிப் போனேன். ஞானேஸ்வரி மிகுந்த அனுதாபத்தோடு பேசினார்.

"எல்லாம் சரியா இருக்குங்க. பைல் அலுமாரிக்குள்ள இருக்கு. அலுமாரிதான் ஆறடி தள்ளி இருக்கு."

"நானே எடுத்துத் தாறேன் மிஸ்."

"பொதுமக்கள் அலுமாரியத் தொடக்கூடாது."

முக்கால் மணி நேரம் மன்றாடியபின், இருந்த இடத்திலிருந்தே குடைக் காம்பால் அலுமாரியைத் திறந்து பைலை இழுத்துப் போட்டார். அதைத் தனபாலன் சேர் முன்னால் வைத்தேன். அவர் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கல் போட்ட கையால் தொட்டால் பைலும் இருந்த இடத்தை விட்டு எழும்பாதாம். மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.

"கழட்டின நிமிசமே பன்விலயில கூரை போட்டிடுவாங்கள்," என்றார்.

இடது கையால் ஒப்பமிட அவருக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்த இடது கை வலது கையின் சொந்தக்காரருக்கே உரியது என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரவேண்டும். ஓடினேன். கிராம சேவகர் நியாயமான மனிதர். காணாத கைக்குக் கடிதம் தர முடியாது, கையை நேரில் கொண்டு வரச் சொன்னார். கை வரவேண்டுமென்றால் சேர் எழும்ப வேண்டும்.

திரும்பி வந்து மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

"சேர், அந்தக் குணம் பொய். உங்ககிட்ட விலை எறங்கக் கூடாதுன்னு நானா வச்சது."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "விக்கேக்க உண்மை சொன்னனீர். இப்ப பொய் சொல்லிக் கல்லைத் திருப்பி வாங்கப் பாக்கிறீர். நான் என்ன குழந்தையே?"

ஐயாயிரம் தருகிறேன், கல்லைத் தாருங்கள் என்றேன். அவர் முகத்தில் சந்தேகம் தீர்ந்து உறுதி வந்தது. எட்டாயிரம் என்றேன். மோதிரத்தை மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"எனக்கு ஒருநாளாவது மூக்கில ரத்தம் வந்ததே? இந்தக் கந்தோருக்கு ஒரு பாம்பாவது வந்ததே?" என்று கேட்டார்.

என் வித்தை என்னிடமே திரும்பி வந்துவிட்டது. வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை லொறி வந்தது. கைவசம் ஒரேயொரு ஜாஸ்பர் மிஞ்சியிருந்தது. அதை விரலில் மாட்டிக்கொண்டு மேசைமேல் ஏறிச் சம்மணம் போட்டேன். முன் சீட்டிலிருந்த ஓவசியர் என் விரலைப் பார்த்தார். நான் அவருடைய விரலைப் பார்த்தேன். மேசையை அள்ள அவர் முதலில் இறங்கவேண்டும், அதுதான் விதி. இருந்தபடியே ஏட்டில் எழுதினார்: 'மேற்படி மேசைமீது கல் அணிந்த நபர் ஒருவர் காணப்பட்டமையால் அகற்ற இயலவில்லை.' லொறி தெருமுனைவரை போய் அங்கே நின்றுகொண்டது.

அந்தப் பெரஹெராவில் நடந்த வியாபாரம் போல் எப்போதும் நடந்ததில்லை. ஹபீல் நானா கல்லை மூட்டையில் கொண்டுவந்தார். ஏழாம் நாள் றிஸ்வி வந்தார், அந்த ஒரே நாள் கையெழுத்துக்காரர். என் கல்லால் கதிரை இழந்தவர், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

"கதிரை இல்லன்னு ஊட்டுலதான் இரிக்கேன். சம்பளம் மட்டும் ஒழுங்கா வருது," என்றார் மெதுவாக. "இந்த இருப்ப யாரும் மாத்திப்போடாம இரிக்க, ஒண்டு தாங்க அண்ணே."

விலையைக் குறைத்துக் கேட்கவேயில்லை.

பெரஹெரா முடிந்த மறுநாள் பகல், என் மனைவி வடிவம்மா சோற்றுப் பொதியோடு வந்தாள்.

"ஆனையெல்லாம் வீட்டுக்குப் போயிருச்சு. நீங்க வச்ச பொய்தானே, கழட்டிட்டு எறங்குங்க."

"பொய்தான் புள்ள," என்றேன். "ஆனா லொறி இன்னும் அந்த முனையிலதான் நிக்குது."

அவள் லொறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பொதியை மதில்மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

மதில் ஆறடி தள்ளி இருக்கிறது.