சம்பந்திக்கு, வலது கோப்பை விஷயமாக

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். அங்கே சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, எங்கள் மகள், பேத்தி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் சுகத்தையும் வேண்டுகிறேன். ஆனால் கடைசியில்தான் வேண்டுகிறேன் என்பதைக் கவனிக்கவும்.

மூன்று வாரமாகப் பொறுத்துப் பார்த்தேன். நீங்களாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று இருந்தேன். வாழ்நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொன்ன பல் டாக்டருக்குத் தன் வாயைத் திறக்க இவ்வளவு கஷ்டமா? பெண்ணைப் பெற்றவன் என்கிற ஒரே பாவத்துக்காக ஒன்பது வருடம் நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். ஞாயிறு தவறாமல் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள், திராட்சைத் தோட்டங்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரித்த அந்தத் தலையணை சைஸ் ஒயின் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஒரு வாய் ஒயினை ஊற்றிக்கொண்டு, கிளினிக்கில் கொப்பளிக்கச் சொல்வீர்களே, அதே மாதிரி கடகடவென்று சத்தம் எழுப்புவீர்கள். அதையும் சகித்தேன். புத்தகத்தைப் புரட்டி, "உங்க ஒயின் வர்ற தோட்டத்துப் பேரே இதுல காணோமே சம்பந்தி" என்று ஒன்பது வருடத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். அதற்கும் ஈயென்று இளித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தத் தோட்டத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், இருபத்திரண்டு வருடம் முன்பு, ஒரு கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்த பிரான்ஸ் நாட்டுப் போர்தோ ஒயின் அது. "இதையா கேக்கறீங்க? இதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையே" என்றார் கடைக்காரர். நான் பார்த்தேன். பன்னிரண்டு பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே இருட்டில் படுக்கவைத்தேன். "எழுப்பி நிக்க வைங்களேன், இந்த வீட்டுல படுத்துக் கிடக்க நீங்க ஒருத்தர் போதாதா" என்று என் மனைவி கேட்டாள். முதல் பாட்டில் நாக்கை இழுத்துப் பிடித்தது, கன்னமெல்லாம் துவர்ப்பு. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன். பதினைந்தாவது வருடம் ஒன்றைத் திறந்தேன் பாருங்கள், சிவப்பு ஓரத்தில் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது, துவர்ப்பு போன இடம் தெரியவில்லை, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் அப்போதுதான் சீவிய பென்சில் வாசனை! முப்பத்துநாலு வருடம் பென்சில் சீவியவன் சம்பந்தி நான். ஓய்வுபெற்ற அன்று மேஜையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்த வாசனையை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒயினைத்தான் நீங்கள் என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்து அவமானப்படுத்தினீர்கள்.

நடந்ததை மறந்திருப்பீர்கள், ஞாபகப்படுத்துகிறேன். எது எந்தத் தோட்டம் என்று நாக்காலேயே கண்டுபிடிப்பதாகப் பந்தயம் கட்டியது நீங்கள். நட்சத்திரம் வாங்கிய உங்கள் பெரிய தோட்டத்துப் பாட்டில் ஒன்று, அதே வயது, நீங்களே தூக்கிவந்தீர்கள். என்னிடம் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை நான் எடுத்தேன். இரண்டையும் சமையலறையில் என் மனைவியிடம் கொடுத்து, அடியில் மண்டி தங்கியிருக்கும், மெதுவாக வடித்து, எந்தக் கோப்பையில் எது என்று அடியில் சீட்டு ஒட்டிக் கொண்டுவா என்றோம். கொண்டுவந்தாள். ஆளுக்கு இரண்டு கோப்பை. நீங்கள் வலது கோப்பையைக் கொப்பளித்தீர்கள், கண்ணை மூடினீர்கள். "அடடா! இது ராஜா! என்ன கம்பீரம், என்ன பரம்பரை! நம்ம பெரிய தோட்டம் இதுதான். அந்த இடது கோப்பை பாவம், வேலை தேடி வந்த மாதிரி நிக்குது" என்றீர்கள். நானும் வலதில் மூக்கை விட்டேன். பென்சில்! இடதில் ஒரு மண்ணும் இல்லை, வெறும் திமிர். கோப்பையைத் தூக்கி அடியிலிருந்த சீட்டைக் காட்டினேன். வலது என் தோட்டம்.

அப்போது ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? எழுந்து கைகொடுக்க வேண்டுமா இல்லையா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அப்படின்னா உங்க பாட்டில்ல ஏதோ கோளாறு" என்றீர்கள். கோளாறாம்! அதோடு விட்டீர்களா? "சம்பந்தி, நீங்க காற்புள்ளி பாத்தவரு. நாக்கைப் பாத்தவன் நான், முப்பது வருஷம்" என்றீர்களே, மாப்பிள்ளை முன்னாலேயே! என் மகள் பாவம், யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான்.

எனக்கு வேண்டியது ஒரே வரி. உங்கள் கையெழுத்தோடு. "பிழைதிருத்தம்: மேற்படி ஞாயிறு அன்று நான் பேசியதில் 'கோளாறு' என வரும் இடத்தில் 'கம்பீரம்' எனத் திருத்தி வாசிக்கவும்." அது வராத வரை இந்த வீட்டில் உங்களுக்குத் தண்ணீர் உண்டு, ஒயின் கிடையாது. கடைசிப் பாட்டிலை நான் தனியாகவே குடிப்பேன். அதன் கார்க்கைக்கூட நீங்கள் கண்ணால் பார்க்க மாட்டீர்கள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு அன்பு. பேத்திக்கு முன்பல் விழுந்ததாகக் கேள்வி, அது தானாக விழுந்ததா என்று விசாரித்து எழுதவும். உங்களுக்குச் சகல நலமும், நாக்குக்கு மட்டும் நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தலையாட்டுவதை நிறுத்திவிட்ட
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "ஏங்க, நம்ம வீட்டுல கண்ணாடி ஜாடி ஒண்ணுதானே இருக்கு?" என்றாள். அதனால் என்ன என்றேன். "முதல் பாட்டிலை வடிச்சேன், ஜாடி பாதிதான் நிறைஞ்சுது. ரெண்டாவதையும் அதுலயே வடிச்சுட்டேன். நாலு கோப்பைக்கும் அதுலேருந்துதான் ஊத்தினேன். சீட்டு ஒட்டச் சொன்னீங்க, ஒட்டினேன்" என்றாள். அடிப்பாவி, அன்றைக்கே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கத்தினேன். "எங்க சொல்ல விட்டீங்க? ஒருத்தர் ராஜாங்கறார், ஒருத்தர் பென்சிலுங்கறார். ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். நாலு பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை இல்லை, நானே கிழிக்க மனம் வரவில்லை. வரும் ஞாயிறு அவசியம் வாருங்கள். கடைசிப் பாட்டிலைப் போன வாரமே திறக்கப் பார்த்தேன். கார்க்கில் திருகியை வைத்துவிட்டு நிமிர்ந்தால், இது மட்டமான சரக்கு என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை. திறக்காமல் வைத்துவிட்டேன்.