கொரியாக்காரனும் சிமென்ட் தொப்பியும்

பொறாமைப்படாத கணவன் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் மற்றவர்கள் பொறாமைப்படுவது பக்கத்து வீட்டுக்காரனையோ அலுவலக நண்பனையோ பார்த்து. நான் பொறாமைப்பட்ட ஆள் இந்த உலகத்திலேயே கிடையாது. யாரோ எழுதி, யாரோ நடித்து, யாரோ தமிழில் குரல் கொடுத்து, என் மனைவியின் கைபேசிக்குள் குடியிருந்த ஒரு கொரிய உளவாளி அவன். பெயர் ஹான். அவனை ஒழிப்பதற்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நான் நில அளவையர். ஊரில் சர்வேயர் என்றால்தான் தெரியும். திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு பக்கத்துத் தாலுகாவில் வேலை பார்க்கிறேன். என் மனைவி வாசுகி தனியார் பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணமாகிப் பதினோரு வருடம், ஒரே மகள். பெரிய சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் ஹான் வந்து சேர்ந்தான்.

கதை இதுதான். காணாமல் போன ஒரு விஞ்ஞானியின் மகளைக் கண்காணிக்க ஹானை அனுப்புகிறார்கள். அவள் வீட்டுக்கு எதிரே ரொட்டிக் கடை வைத்து உட்காருகிறான். கண்காணிக்கப் போனவன் காதலித்துவிடுகிறான். பதினாறு வாரம் இதையே இழுத்தார்கள். வாசுகி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் நான் நெஞ்சுவலி என்று சொன்னாலும், "ஒரு நிமிஷம் இருங்க"ன்னுதான் பதில் வரும். (சொல்லிப் பார்த்திருக்கிறேன்.)

முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் ஹான் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அந்தப் பெண்ணின் தட்டில் வைத்தான். வாசுகி ஒரு பெருமூச்சு விட்டாள். பதினோரு வருடத்தில் என்னைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்சுகள் வேறு ரகம். இது புதிது.

அன்றிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன், கையில் டைரியோடு. நிலம் அளக்கிறவனிடம் கதை சொல்லி ஏமாற்ற முடியுமா?

"வாசுகி, இவன் வியாழக்கிழமை தோள்ல குண்டு வாங்கினான். வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கிட்டு மாடி ஏறறான். எப்படி?"

"ஷ்ஷ்."

"சியோல்லேருந்து பூசான் போறதுக்குள்ள நூடுல்ஸ் ஆறலையாம். மேப்புல அளந்து பார்த்தேன். நம்ம ஊர்லேருந்து மதுரையையும் தாண்டிப் போற தூரம் இருக்கு."

"ஏங்க, பேசாம இருங்களேன்."

"கடை வச்சு ஒன்பது வாரமாச்சு, ஒருத்தன்கூட ரொட்டி வாங்கல. வாடகை எவன் குடுக்கறான்?"

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரமூட்டியது அவன் மாறுவேடம். ஒரு தொப்பி. அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பத்தடி பின்னால் நடப்பான், அவளுக்குத் தெரியவே தெரியாது. "தினம் எதிர்க் கடையில பார்க்கற மூஞ்சி, தொப்பி போட்டா தெரியாதா?" என்று கேட்டேன். வாசுகி கைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள். மகளும் பின்னாலேயே போனாள். போகும்போது, "அப்பா, உங்களுக்குப் பொறாமை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

குறை சொல்லி ஜெயிக்க முடியாது, போட்டி போட்டுத்தான் ஜெயிக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். ஹான் ஒருநாள் தெருவில் மண்டியிட்டு அவள் ஷூ லேஸைக் கட்டிவிட்டிருந்தான். மறுநாள் காலை வாசுகி பள்ளிக்குக் கிளம்பும்போது நான் வாசலில் மண்டியிட்டேன். அவள் போட்டிருந்தது சாதாரணச் செருப்பு. அதில் கட்டுவதற்கு எதுவுமில்லை என்பது மண்டியிட்ட பிறகுதான் உறைத்தது.

"சில்லறை விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் போனில் பேசியதைக் கேட்டேன். தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அவருக்கு... தெரியாது. தெரிஞ்சா... கிண்டல் பண்ணுவாரு. நாளைக்கு... நாலு மணிக்கு... வர்றேன். ஆமா, அதே இடம்." பிறகு ஒரு சிரிப்பு. கடைசியில், "அன்யங்."

அன்யங்! இத்தனை வாரம் பார்த்தவனுக்கு, தமிழ்க் குரலிலும் ஹான் வரும்போதும் போகும்போதும் விடாமல் சொல்லும் கொரிய வணக்கம் அது என்று தெரியாதா? மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹான் கைபேசியிலிருந்து இறங்கித் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டான்.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் பொறாமை வந்தவனுக்கு நேர்வழி கண்ணில் படாது. சனிக்கிழமை வாசுகிக்கு அரை நாள் பள்ளி. மகளைத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு, "பேப்பர் திருத்தற வேலை இருக்கு"ன்னு சொல்லிக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் நான் பீரோ மேலிருந்த சிமென்ட் கம்பெனி தொப்பியை எடுத்துப் போட்டேன். முகக்கவசம். கூலிங் கிளாஸ். கண்ணாடியில் பார்த்தேன். என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. (அப்படித்தான் அன்றைக்குத் தோன்றியது.)

ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி அவள் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். என் ஸ்கூட்டருக்கு சைலன்சர் ஓட்டையாகி இரண்டு மாதம். அதன் சத்தத்துக்கு ரோட்டோரம் படுத்திருந்த மாடுகூட எழுந்து நின்றது. ஒரு சிக்னலில் நான் மாட்டிக்கொண்டேன். ஆட்டோ போய்விட்டது என்று பதறினேன். சிக்னல் விழுந்து போய்ப் பார்த்தால் அது கொஞ்ச தூரத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. அருணாசலேஸ்வரரே என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்தேன்.

செங்கம் ரோட்டில் அவள் இறங்க, நானும் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தியபோது முதல் அடி விழுந்தது.

"சர்வேயர் சார், இன்னா இந்தப் பக்கம்?" டீக்கடைக்காரர்.

நான் பதில் சொல்லாமல் நடந்தேன். பத்தடி தள்ளி இளநீர் விற்கிறவர், "சார், காய்ச்சலா? மாஸ்க்லாம் போட்டிருக்கீங்க." அதற்கடுத்து பூக்காரம்மா, "அண்ணி இப்பதான் உள்ள போச்சு சார், அந்தச் சந்துல." ஹானுக்கு சியோல் முழுக்க ஒரு ஆள் வணக்கம் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்து தாண்டுவதற்குள் மூன்று பேர்.

இதில் நான்காவது ஆள்தான் ஆபத்து. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி கோவிந்தன். வரப்புத் தகராறுக்காக நிலத்தை அளக்கச்சொல்லி மனு கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆறுமுறை என்னைப் பார்த்துவிட்டார். ஏதோ வேலையாக ஊருக்கு வந்தவர் கண்ணில் நான் பட்டுவிட்டேன். நான் நடையை எட்டிப் போட்டேன். அவரும் எட்டிப் போட்டார். வாசுகி பின்னால் நான், என் பின்னால் கோவிந்தன்.

சந்தின் கடைசியில் ஒரு தங்கும் விடுதி, அதையொட்டி மரநிழலில் ஒரு காபிக் கடை. யோகா வகுப்பு விளம்பரங்கள் ஒட்டிய பலகைக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தேன். வாசுகி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கொரியாக்காரன்.

முப்பது வயதிருக்கும். உயரம். வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. அந்த வேட்டியை அவன் கட்டியிருந்த அழகு இருக்கிறதே! நான் என் கல்யாணத்துக்கே ஒட்டிக்கோ வேட்டி கட்டினவன். வயிறு எரிந்தது. அத்தோடு விட்டானா? மேஜையிலிருந்த ஒரு ஆரஞ்சை எடுத்தான். உரித்தான். நாரை எடுத்தான். சுளை சுளையாகத் தட்டில் வைத்து வாசுகி பக்கம் நகர்த்தினான். வாசுகி சிரித்தாள்.

பதினோரு வருடம் என் கண் முன்னால் இருட்டிக்கொண்டு போனது. பலகையைத் தள்ளிக்கொண்டு ஒரு அடி எடுத்துவைத்தேன். என்ன வசனம் பேசுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு குரல் அந்தச் சந்து முழுவதையும் உலுக்கியது.

"சர்வேயர் சா...ர்! நில்லுங்க சார்! என் நெலத்த எப்ப சார் அளப்பீங்க?"

கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கண்ணை மூடித் தியானத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரரும் கண்ணைத் திறந்தார். வாசுகி மட்டும் திரும்பவே இல்லை.

"உள்ள வாங்க. வெயில்ல எவ்ளோ நேரம்தான் நிப்பீங்க?" என்றாள்.

தொப்பியைக் கழற்றினேன். அப்போது உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், வெள்ளை முடி, காட்டன் சேலை. ஆரஞ்சுத் தட்டை வாசுகி அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அந்தப் பையன் அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வணக்கம்," என்றார் அந்த அம்மாள் என்னைப் பார்த்து. "நீங்க... வாசுகி... வீட்டுக்காரரா?"

ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி. மொட்டை மாடியில் கேட்ட அதே தாளம். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அந்த அம்மாள் மூன்று மாதமாக இங்கே தங்கியிருக்கிறார். தமிழ் கற்றுக்கொள்ள ஆசை. வாசுகிக்குக் கொரிய மொழி கற்றுக்கொள்ள ஆசை. இவள் அவருக்குத் தமிழ், அவர் இவளுக்குக் கொரியன். மகன் அம்மாவை ஊருக்கு அழைத்துப்போக முந்தாநாள்தான் வந்திருக்கிறான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று முணுமுணுத்தேன்.

"நாடகம் பார்த்ததுக்கே டைரி போட்டு மார்க் குறைச்சீங்க. பாஷை கத்துக்கறேன்னு சொன்னா விடுவீங்களா?"

"நான் வந்தது... நாடகத்துல ஒரு சந்தேகம். அதான் இவங்ககிட்ட கேக்கலாம்னு." உளறினேன்.

"கேளுங்க," என்றாள் வாசுகி. முகத்தில் சிரிப்பில்லை.

வேறு வழியில்லாமல் டைரியை எடுத்தேன். கோவிந்தனும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குண்டு, ஆறாத நூடுல்ஸ், விற்காத ரொட்டி என்று நான் படிக்க, வாசுகி பாதி கொரியனிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ராணுவத்தில் இருந்து வந்தவனாம், எல்லாமே தப்பு என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எந்த ஆளை அடிக்க வந்தேனோ அவன் என் கட்சி! அவன் அம்மா அவன் முதுகில் ஒரு அடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்.

"எல்லாம்... பொய். சரி. ஆனா அவன்... அவளைப் பார்க்கறான். அவ பேசும்போது... பார்க்கறான்."

டைரியை மூடினேன். அதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்த கோவிந்தன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அது கெடக்கட்டும்மா. அந்தப் பொண்ணோட காணாமப் போன அப்பா கெடச்சாரா, இல்லியா?"

திங்கட்கிழமை காலை நிலத்தை அளக்கிறேன் என்று அவருக்குச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது வாசுகி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வர்றது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏறினதுமே. ஆட்டோ கண்ணாடில பார்த்தேன். கண்ணாடி எதுக்கு, சத்தம் போதாதா? சிக்னல்ல வேற மாட்டிக்கிட்டீங்க. 'அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க'ன்னு டிரைவர்கிட்ட நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"காலேஜ்ல எல்லாப் பொண்ணுங்க பின்னாடியும் எவனாவது சுத்துவான். என் பின்னாடி ஒருத்தனும் சுத்தினதில்ல. நீங்களும் பொண்ணு பார்க்க வந்தீங்க, பஜ்ஜி சாப்பிட்டீங்க, தேதி வச்சாங்க, முடிஞ்சுபோச்சு. இன்னிக்குத்தான் ஒருத்தர் என் பின்னாடி வர்றாரு. அதையும் சிக்னல்ல தொலைக்கணுமா?"

"ஆனா நான் உன்னைச் சந்தேகப்பட்டுத்தானே வந்தேன்," என்றேன்.

"அதுக்குத் தனியா இருக்கு. வீட்டுக்குப் போய்."

இருந்தது. அன்று இரவும் மறுநாளும் சமையலறையில் பாத்திரங்கள் மட்டும்தான் என்னோடு பேசின. திங்கட்கிழமை காலையில்தான், "மதியச் சாப்பாடு எடுத்துக்கங்க"ன்னு ஒரு வார்த்தை வந்தது. அந்த அம்மாள் ஊருக்குப் போகும் நாளில் நாங்கள் இரண்டு பேருமாகப் போய் வழியனுப்பினோம். நேரடியாக, முகத்தைக் காட்டிக்கொண்டு.

வாசுகி இந்தக் கதையை என் மாமனாரிடம் சொல்லியிருக்கவேண்டாம். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், லேசில் விடுகிற ஆளில்லை. இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து என்று குடும்பமாக வேனில் கிளம்பினால், வண்டி நகருவதற்கு முன்னால் முன் சீட்டிலிருந்து அவர் குரல் வரும்.

"மாப்ள வண்டிக்குள்ள இருக்காரா, இல்ல பின்னாடி வர்றாரா?"

வேனே சிரிக்கும். எல்லோரையும் விடச் சத்தமாக வாசுகிதான் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விடுவாள்.