படுதா ராஜாவின் மூக்கு

நடிகன் எவனும் இன்னும் மேடைக்கு வரவில்லை. ராஜாவும் கடலும் கப்பலும் தீட்டிய தர்பார் படுதா இறங்கியதுதான் தாமதம், ராயபுரம் நாடகக் கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது. முன்வரிசை ஓசி நாற்காலியில் சுப்புராஜுக்கு வயிறு எரிந்தது.

படுதா எழுதியவன் லோகநாதன். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாட மார்க்கில் இவருக்குப் பின்னால் நின்றவன். அவனுக்கு அடுத்த மாதம் தங்க மெடலாம்!

சுப்புராஜ் ரெயில்வே குமாஸ்தா. எஞ்சிய நேரத்தில் உள்ளூர் வாரப் பத்திரிகையின் கலா விமர்சகர். மெடலைத் தடுக்க எழுதினார்: “ராஜாவுக்குப் பின்னால் தெரிவது கடலன்று, கரைத்து ஊற்றிய நீலம்.”

கடலுக்குத் தீர்ப்புச் சொல்ல ராயபுரத்தில் ஆளா இல்லை? மீனவர் குப்பமே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தது.

“வாடைக்காத்து அலைப்பா! கரீட்டா கீது!”

மறுவாரம், கப்பலின் கயிறுகள் தப்பு என்றார். துறைமுகத்து ஆட்கள் படையெடுத்து வந்தார்கள்; கயிற்றை எண்ணிப் பார்த்து விசிலடித்தார்கள்.

வீட்டில் மனைவி பட்டம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னா வோணா எழுதுங்க. அந்த ராஜா மொகத்தை மட்டும் வுட்டுடுங்க. பாக்கப் பாக்க ஆசையா கீது.”

“ஆசையா?”

“நாலு வாட்டி போய்ப் பாத்துட்டேன்.”

பாதிச் சோற்றில் எழுந்தார். அன்று பேனா மையில் தோயவில்லை, பித்தத்தில் தோய்ந்தது. “அந்த மூக்கு, கல்மண்டபத்தில் காயப்போட்ட கருவாடு. கண்களோ நெத்திலியைப் பறிகொடுத்த பூனையுடையவை. இப்படியொரு மூஞ்சியோடு பிறந்தவன் வெளியே தலைகாட்டுவானா?”

மெடல் நாளன்று கொட்டகையில் நிற்க இடமில்லை. படுதா இறங்கியது. சனம் ராஜாவைப் பார்த்தது, முன்வரிசையைப் பார்த்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தம் எழுத்தின் வெற்றி என்று சுப்புராஜ் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். சிரிப்பு இரட்டித்தது. ஆனாலும் மெடல் லோகநாதன் சட்டையில்தான் ஏறியது.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் மதார் சாகிப்பிடம் பொருமினார். “ஊரே சிரிக்குது, அந்த மூக்குக்கு ஒரு மெடலா?”

சாகிப் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், நீயே இப்டிப் பேசலாமா? ‘என் தோஸ்து சுப்புராஜுக்குத்தான் ராஜகளை’ன்னு, லோகநாதன் உம் மூஞ்சியைப் பாத்துத்தானே அந்த ராஜாவை எழுதுனாரு!”