கட்டிலுக்கு நாடி பார்த்தவர்

மனுஷனுக்கு நாடி பார்க்கவே ஆள் கிடைக்காத காலம் இது. ஆனால் அந்தப் புது அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்காலிக்கு நாடி பார்க்க ஒருவர் வந்து சேர்ந்தார். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மரநாடி ஐயா மட்டும் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கினார்.

குடிவந்தவர்கள் யாரும் கையில் பசையுள்ளவர்கள் இல்லை. வீட்டுக்கு முன்பணம் கட்டியதிலேயே நாக்குத் தள்ளிப் போனவர்கள். சுவர் புதுசு, தரை புதுசு, உள்ளே போடுகிற சாமான் மட்டும் பழசு. யாரோ விற்ற சோபா, யாரோ கழித்த மேஜை. இதை மோப்பம் பிடித்துத்தான் ஐயா வந்தார். மேஜைக் காலில் மூன்று விரலை வைப்பார். கண்ணை மூடுவார். "இந்த மரத்துல ஒரு அழுகை இருக்கு" என்பார். பழைய சொந்தக்காரரின் துக்கமெல்லாம் மரத்துக்குள் இறங்கியிருக்குமாம். புது வீட்டில் போட்டால் கசியுமாம். மரம் கசிந்து பார்த்தவர் யாரும் இல்லை. சேமிப்பு கசிந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

பரிகாரம் ரொம்ப எளிது. பீடை பிடித்த சாமானை உடனே வெளியேற்ற வேண்டும். ஐயாவின் வேனே வந்து ஏற்றிக்கொள்ளும், வாடகை கிடையாது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். பதிலுக்குத் 'தூய மரம்' வாங்கிப் போட வேண்டும். அது உலகத்திலேயே ஐயாவின் மச்சான் கடையில் மட்டும்தான் கிடைக்கும். தவணை வசதி உண்டு.

கீழ்வீட்டு பஸ் டிரைவர் சோபாவைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தார். எதிர்வீட்டு டீச்சர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். அவரும் பழைய புத்தக அலமாரியை அனுப்பிவிட்டு, தூய அலமாரி வாங்கி, அதில் அறிவியல் புத்தகங்களை அடுக்கினார்.

இரண்டாம் மாடியில் ஒரு மருமகள் இருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள். பழம் வந்த மரப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செருப்பு வைக்கிற தட்டாக்கினாள். ஒன்றே ஒன்றுக்குத்தான் யோசிக்காமல் செலவு செய்தாள். மாமியாருக்கு ஒரு கட்டில். அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போச்சு. தரையில் படுத்தால் எழுப்பி விட ஆள் வேண்டும். பழைய கட்டில்தான், ஆனால் இரும்பு மாதிரி மரம். விடுமுறை நாட்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, நகக்கண்ணெல்லாம் பழுப்பாகித் திரிந்தாள்.

அவள் வேலைக்குப் போயிருந்தபோது மாமியார் ஐயாவைக் கூப்பிட்டுவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால், கட்டில் காலியாக நிற்கிறது. மாமியார் தரையில் போர்வையை விரித்துப் படுத்திருக்கிறார்.

"ஏன் அத்தை, கட்டிலுக்கு என்ன?"

"அதுல படுத்தவங்க யாரும் எழுந்திரிக்கலையாம்மா. விரல் வச்சதும் ஐயாவுக்கு உடம்பே நடுங்கிப்போச்சு."

"தரையில படுத்தா நீங்க மட்டும் எழுந்திரிச்சுடுவீங்களா?"

அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் குறுக்கே வந்தான். "விடும்மா. எதுக்கு வம்பு? வேன் வரட்டும். புதுசு தவணையில எடுத்துக்கலாம்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சொன்னால் சண்டைதான் மிஞ்சும், கட்டில் மிஞ்சாது என்று வாயை மூடிக்கொண்டாள். காலையில் மாமியார் எழ முயன்றார். ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். முடியவில்லை. மகனைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, விரித்த போர்வையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, ஸ்பேனர் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"கட்டிலோட காலைக் கழட்டணும். எங்க லேப்ல ரத்தக் குப்பியில பேர் எழுத மாட்டாங்க, நம்பர் மட்டும்தான். இன்னாருதுன்னு தெரிஞ்சா கண்ணு அதுக்குத் தகுந்த மாதிரி பாக்கும். உங்க ஐயாவையும் நம்பர் போட்டுப் பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். மிச்சமிருந்த வீடுகளுக்கு நாடி பார்க்க ஐயா வந்திருந்தார். வேனும் பசியோடு நின்றது. மருமகள் நாலு பொட்டலங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். செய்தித்தாள் சுற்றி, விரல் வைக்க மட்டும் இடம் விட்டு, ஒன்று முதல் நாலு வரை எழுதியிருந்தாள்.

"நாலு கால் இருக்குங்க ஐயா. ஒவ்வொண்ணும் எப்படின்னு சொல்ல முடியுமா?"

"மரம் பேசும், நான் கேப்பேன்" என்றார் ஐயா. மரம் பேசியது. தாராளமாகவே பேசியது. ஒன்றாம் நம்பரில் ஒரு விதவையின் கண்ணீர். இரண்டில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் சிரிப்பு. மூன்றில் கடன்பட்டு ஊரைவிட்டு ஓடியவனின் மூச்சிரைப்பு. நாலில் விரலை வைத்ததும் முகம் மலர்ந்தது. "இது சுத்தமான மரம். மச்சான் கடையில வாங்கினதுதானே?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. மருமகள் காகிதங்களைப் பிரித்தாள். கணவன் படிக்கட்டுக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த கட்டில் சட்டத்தை இழுத்துவந்து, ஒவ்வொரு காலாக முடுக்கினான். நாலாவது காலும் பொருந்தியதும் கட்டில் ஆடாமல் நின்றது. ஐயாதான் கொஞ்சம் ஆடினார்.

"இது நீங்க அன்னைக்கு நடுங்கிப்போன கட்டில்தாங்க" என்றாள் அவள்.

"கழட்டிட்டா நாடி கலங்கிடும்மா. இதெல்லாம் தெய்வ விஷயம், சோதிச்சுப் பாக்கக் கூடாது."

மகன் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்திருந்த மாமியார் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக வாயைத் திறந்தார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நான் எந்தக் கால் பக்கம் தலை வச்சுப் படுக்கணும்? விதவை பக்கமா, கல்யாணப் பொண்ணு பக்கமா?"

முதலில் சிரித்தது டீச்சர். அப்புறம் எல்லோரும். பஸ் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. நேரே போய் வேன்காரரின் தோளில் கை போட்டார்.

"என் சோபா எங்கப்பா போச்சு?"

"மச்சான் கடைக்குத்தான். புதுத் துணி போட்டுத் தச்சாச்சு."

டீச்சரின் சிரிப்பு நின்றது. விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போனார். தூய அலமாரியின் அடித்தட்டில் பூசியிருந்த பெயிண்டை ஒரு காசால் சுரண்டிப் பார்த்தார். அவர் மகள் எப்போதோ கொட்டிய சிவப்பு மை உள்ளே பத்திரமாக இருந்தது. தன் அலமாரியைத் தானே கொடுத்துவிட்டு, அதையே தவணையில் வாங்கியிருந்தார் அறிவியல் டீச்சர்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. எல்லோருமாக அதே வேனில் ஏறிப்போய்க் கடையின் பின்கட்டைத் திறக்க வைத்தார்கள். பஸ் டிரைவர்தான் ஓட்டினார். ஐயாவை நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். வழி முழுக்க யாரும் அவருடைய நாடியைப் பார்க்கவில்லை, ஆனால் அது எப்படி அடித்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் சோபாவும் மேஜையும் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. மாமியார் கட்டிலில் ஏறிப் படுத்தார். விதவை பக்கம்தான் காற்று நன்றாக வருகிறதாம்.

ஐயா இப்போது வேறொரு குடியிருப்பில் சுவருக்கு நாடி பார்ப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம். உங்கள் வீட்டுக்கும் வருவார். வந்தால் கதவைத் திறங்கள், தப்பில்லை. ஆனால் வாயையும் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானும் உழைத்தால் தேயும். மூளை ஒன்றுதான் சும்மா வைத்திருந்தால் செல்லரிக்கும்.