பெரிய நாயனம் வீட்டுக்குப் பக்கத்து வீடு

ஒரு ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்னென்ன என்று அந்த ஊர்க்காரனிடம் மட்டும் கேட்கக் கூடாது. அவன் எதையுமே பார்த்திருக்க மாட்டான். நான் கள்ளக்குறிச்சியில் பிறந்து, கள்ளக்குறிச்சியிலேயே பம்ப்செட் கடை வைத்திருப்பவன். கல்வராயன் மலை அருவிகளை நான் முதன்முதலில் பார்த்தது சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் போனில்தான். (வீடியோ நன்றாக எடுத்திருந்தான்.)

இப்படிப்பட்ட எனக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து மாமனார் வாய்த்தார். நெல் மண்டி வைத்திருந்தவர். ஆனால் உயிர் முழுக்கச் சங்கீதத்தில். திருவிழாக் கச்சேரி எங்கே நடந்தாலும் மண்டியைப் பூட்டிவிட்டுப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே, "உங்க ஊர்ல கரும்பு நல்லா வருது மாப்ள. சங்கீதம்தான் வரல" என்றார்.

பம்ப்செட் விற்பவனுக்கும் ரோஷம் உண்டு. "ஏன் மாமா, பெரிய நாயனம் எங்க ஊர்க்காரர்தானே?" என்று சொல்லிவிட்டேன்.

மாமா கையைத் துடைப்பதை நிறுத்தினார். எங்கள் பக்கத்து நாதஸ்வர வித்வான் ஒருவரை ஊரே 'பெரிய நாயனம்' என்றுதான் சொல்லும். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் வாசிப்பை மாமா சின்ன வயசில் ரேடியோவில் கேட்டு, சாப்பாட்டை மறந்திருக்கிறாராம். அவர் எங்கள் ஜில்லாக்காரர் என்பது மாமாவுக்குத் தெரியாது. எனக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

"வீடு இருக்கா மாப்ள?"

"இல்லாம? வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரத்துல. நாளைக்கே போலாம்."

ராத்திரியே என் நண்பன் செல்வத்துக்குப் போன் போட்டேன். அவன் அந்தப் பக்கம் உர வியாபாரம் செய்கிறவன். "ஊருக்குள்ள நுழைஞ்சா ஒரு வேப்பமரம் வரும். அதுக்கு நேர் எதிர் வூடு. யாராச்சும் இருப்பாங்க, வூடு பாக்க வந்துருக்கோம்னு சொல்லு, காட்டுவாங்க" என்றான்.

மறுநாள் காலை மாமா, அத்தை, என் மனைவி சுமதி, நான் நால்வரும் காரில் கிளம்பினோம். மாமா பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். அத்தை, பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆப்பிள், வாழைப்பழம், ஒரு முழம் மல்லி எல்லாம் வாங்கி ஒரு கூடையில் வைத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துவிட்டு, கல்வராயன் மலைமேல் கரியாலூர் போய் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புவது திட்டம்.

வேப்பமரம் வந்தது. எதிரே இரண்டு வீடுகள். ஒன்று ஓடு சரிந்து, பூட்டுத் தொங்கி, வாசலில் ஆடு கட்டிக் கிடந்தது. இன்னொன்று புதிதாக வர்ணம் அடித்து, வாசல் நிறையக் கோலத்தோடு நின்றது. ஒரு மாமேதையின் வீடு எது என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை என்று நினைத்தேன். என்னிடம் இருந்த அறிவே போதும் என்றும் நினைத்தேன்.

வாசலில், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயசிருக்கும்.

"ஐயா, வணக்கம். வூடு பாக்க வந்துருக்கோம்" என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் நாலு பேர் பட்டுடுத்திப் பழக்கூடையோடு வந்து 'வூடு பாக்க வந்துருக்கோம்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார், மாப்பிள்ளையின் வீடு வாசலைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நிமிஷம் மட்டும் தெரியவில்லை.

அவர் முகம் பூத்துவிட்டது. "வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "முன்னாடியே சொல்லி வச்சுட்டீங்களா மாப்ள?" என்றார். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அர்த்தம் கொள்ளும்படி தலையை ஆட்டினேன்.

"சொல்லிவுட்டவரு வரலிங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டது கல்யாண புரோக்கரை. நான் நினைத்தது செல்வத்தை.

"அவருக்கு வேலைங்க. வழி மட்டும் சொன்னாரு."

உள்ளே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. உட்கார்ந்ததும் தண்ணீர், பின்னாலேயே கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. வீட்டுக்காரரின் மனைவி கூடையை வாங்கிக்கொண்டு, சுமதியையும் அத்தையையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மாமா நெகிழ்ந்துவிட்டார். "எங்க பக்கத்துல எத்தனையோ வித்வான் வீட்டுக்குப் போயிருக்கேன் மாப்ள. ஒரு வீட்லயும் பஜ்ஜி போட்டதில்ல" என்று என் காதில் சொன்னார்.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பவ்யமாகக் கேட்டார். "அவங்க இருந்து பழகின ரூம் எதுங்க?"

"அதோ, அந்த ரூம்தாங்க. தனி ரூம். இப்பதான் ஏசி போட்டோம்."

"ஏசியா?" மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"பராமரிப்பு மாமா. பழைய வாத்தியத்துக்கு ஈரம் ஆகாது" என்றேன். (இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

"காலையில எழுந்திருக்கிறது எல்லாம் எப்படிங்க?" என்று மாமா தொடர்ந்தார்.

"கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்துருவாங்க. மாட்ட அவுத்துக் கட்டிட்டுத்தான் பல்லே வெளக்குவான்."

மாமாவின் புருவம் ஏறியது. "என்ன மாப்ள, அவன் இவன்ங்கறாரு?"

"சொந்தக்காரங்க மாமா. உரிமை."

"அதுவும் சரிதான்" என்றவர் அடுத்த கேள்விக்குப் போனார். "வெத்தலை, பொடி, அந்த மாதிரி ஏதும் பழக்கம்...?"

வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஐயோ, சத்தியமா கிடையாதுங்க! வெத்தலை, பீடி, தண்ணி, ஒண்ணும் கிடையாது. ஊர்ல யாரை வேணா விசாரிச்சுக்குங்க."

"வெத்தலை போடாத நாயனமா!" என்று மாமா எனக்கு மட்டும் கேட்கும்படி வியந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

உள்ளே சமையலறையிலும் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது பிற்பாடு தெரிய வந்தது. வீட்டுக்காரம்மா, "பொண்ணு சமைக்குங்களா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை, பக்கத்தில் நின்ற சுமதியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, உண்மையைச் சொல்லியிருக்கிறார். "சுமாரா சமைப்பா. ரசம் மட்டும் வராது." "அதனால இன்னா, நான் கத்துக்குடுத்துக்கறேன்" என்று அந்தம்மா சொல்ல, அத்தைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சுமதிக்குப் பிடிக்கவில்லை.

முன்னறையில் நான் பேச்சுக்குள் புகுந்தேன். விஷயத்துக்கு வர வேண்டுமே. "அந்த நாயனத்தை ஒரு தடவ பாத்துடலாங்களா?"

"நாயனம், மேளம் எல்லாம் எங்க பொறுப்புங்க. நல்ல செட்டா சொல்லிடலாம்" என்றார் வீட்டுக்காரர். பிறகு குரலைத் தாழ்த்திக் கையைப் பிசைந்துகொண்டே, "மண்டபம் மட்டும்தான்... அத நீங்க..." என்று இழுத்தார்.

மண்டபம் என்ற வார்த்தை மாமாவின் காதில் விழுந்தது. பெரிய நாயனத்துக்கு ஒரு மணிமண்டபம்! மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"மண்டபத்தைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அது கட்டாயம் நடக்கணும். எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் பேசி, நானே முன்னால நின்னு செஞ்சு குடுக்கறேன்!"

வீட்டுக்காரர் கை கூப்பிவிட்டார். உள்ளே திரும்பி, "ஏம்மே, தட்டெடுத்துக்கினு வா!" என்று சத்தம் போட்டார். வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்த தாம்பாளம் வந்தது. அதைத் தூக்கி மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, ஏசி ரூம் பக்கம் பார்த்து, "டேய் முருகா, வெளிய வா. வந்து கால்ல வுழு" என்றார்.

வெள்ளை வேட்டியில், உழைத்துக் கறுத்த ஒரு வாலிபன் வந்து மாமாவின் காலில் விழுந்தான்.

"பேரனுங்களா?" என்றார் மாமா.

"என் புள்ளைங்க. இவன்தான் மாப்பிள்ளை."

"யாருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பட்டுப்புடவைகளும் பழத்தட்டுகளுமாக ஒரு கும்பல் இறங்கியது. முன்னால் வந்தவர் கக்கத்தில் பை வைத்திருந்த புரோக்கர். பின்னால் பெரிய மீசையோடு வந்தவர், உண்மையிலேயே அன்றைக்கு வீடு பார்க்க வர வேண்டியிருந்த தியாகதுருகத்துப் பெண்ணின் அப்பா. அவர் உள்ளே பார்த்தார். காலியான கேசரித் தட்டுகள். தாம்பாளத்தோடு நிற்கும் என் மாமா. அவர் காலடியில் தன் வருங்கால மருமகன்.

"ஓகோ" என்றார் மீசைக்காரர். "நாங்க வர்ற அன்னிக்கே இன்னொரு பார்ட்டியா? தட்டு மாத்தற வரைக்கும் போயிட்டீங்களா?"

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?" என்று கேட்டார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

வேன் கதவு படார் என்று சாத்தும் சத்தம் கேட்டது. சமையலறை வாசலில் அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெவசாயம் பண்றவனுக்குப் பொண்ணு இல்லன்னு எத்தனையோ எடம் தட்டிப்போச்சு. இந்த எடமாச்சும் அமையும்னு இருந்தனே" என்று அழுதார். முருகன் எழுந்து நின்றான். யாரையும் குறை சொல்லவில்லை. அம்மாவிடம் போய், "அழாத, வுடு" என்றான்.

ஓடினேன். கிளம்பிவிட்ட வேனுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் பாதி பஜ்ஜி இருந்தது.

"இன்னாய்யா உனக்கு?" என்று மீசைக்காரர் தலையை நீட்டினார்.

"ஐயா, நாங்க பொண்ணு வீடு இல்லிங்க! சுற்றுலா வந்தவங்க!"

"இந்த ஊர்ல இன்னாய்யா சுத்துலா?"

பெரிய நாயனத்தைப் பற்றிச் சொன்னேன். செல்வத்தைப் பற்றிச் சொன்னேன். வேப்பமரத்தைக் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படியாக இல்லை. "எவ்ளோ நல்லா கத வுடறான் பாரு" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

அப்போது மாமா வந்தார், கையில் தாம்பாளத்தோடு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

"ஐயா, நான் கும்பகோணத்துப் பக்கம்" என்றார். "எனக்கு ஒரே பொண்ணு. அவளையும் கட்டிக் குடுத்துட்டேன். கட்டிக்கிட்டவர் இவர்தான்." என்னைக் கை காட்டினார்.

மீசைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பஜ்ஜியையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்லக் கரைந்து, என் மாமாவின் மேல் ஓர் ஆழ்ந்த அனுதாபமாக மாறியது. "சரிங்க, நம்பறேன்" என்றார்.

மாமா விடவில்லை. "இன்னொண்ணும் கேளுங்க. நான் கேட்ட கேள்வியெல்லாம் நீங்க கேட்டிருக்க வேண்டியது. பையன் கோழி கூவும் முன்ன எழுந்திருக்கிறான். வெத்தலைகூடப் போடறதில்ல. இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்த சத்தமாப் பேசல, அம்மாவைத்தான் போய்த் தேத்தறான். எனக்கு இன்னொரு பொண்ணு இருந்தா இந்தத் தட்டை நான் திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன்." தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தார்.

வேன் மறுபடி வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. கேசரியை நாங்கள் தீர்த்துவிட்டதால் அத்தையும் சுமதியும் அடுப்படியில் புகுந்து மறுபடி கிண்டினார்கள். நான் நாற்காலிகளைத் துடைத்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. பேச்சு நல்லபடியாக முடிந்து, தட்டு மாற்றும்போது பெரியவராக நடுவில் உட்கார்ந்தது என் மாமா.

எல்லாம் ஓய்ந்த பிறகு வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "பெரிய நாயனம் வூட்டப் பாக்கத்தான வந்தீங்க? பக்கத்துலதாங்க. சாவி எங்கிட்டதான் இருக்குது."

ஆட்டை நகர்த்தி, பூட்டைத் திறந்தார். உள்ளே கூரை வரை மக்காச்சோள மூட்டைகள். சுவரில் ஒரு மர ஆணி. நாயனத்தை உறையோடு அதில்தான் மாட்டுவாராம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே போய் அந்த ஆணிக்கு நேராக நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எதையோ முனகினார். வாசலில் நின்ற எங்கள் யாருக்கும் அசையத் தோன்றவில்லை. வெளியே வந்ததும் "தோடி" என்றார். நான் தலையாட்டினேன். (பைரவி என்றிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.) கரியாலூர் அருவியை அன்றைக்கும் பார்க்கவில்லை.

முருகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை முதலில் போனது கும்பகோணத்துக்கு. மண்டப வாடகையில் பாதியாவது கொடுத்தே தீருவேன் என்று மாமா அடம்பிடித்ததை மீசைக்காரர்தான் தடுத்தார். மாமாவும் முருகனின் அப்பாவும் இன்றுவரை ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இதைக் கேட்கும் புது ஆட்களுக்கு முழுக்கதையையும் சொல்லாமல் விடமாட்டார்கள்.

முருகனுக்கு இப்போது பேசத் தெரிந்த ஒரு பெண் குழந்தை. போன வாரம் மோட்டார் விஷயமாக அவனுக்குப் போன் போட்டேன். குழந்தைதான் எடுத்தது. யார் என்று கேட்டது. பெயரைச் சொன்னேன். அதற்குப் புரியவில்லை. கள்ளக்குறிச்சி என்றேன், பம்ப்செட் கடை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுப்படி வரை கேட்கும்படி கத்தியது.

"அப்பா! தப்பா வந்த மாமா பேசறாரு!"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.