எனக்கு மட்டும் சிவப்பு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், என் இடது கன்னத்தைத் தவிர. மாப்பிள்ளையிடம் கோபப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கோபம் உங்கள் மேல் அல்ல, நீங்கள் உங்கள் அத்தைக்கு வாங்கி அனுப்பிய, வெளிச்சம் அடித்து முடி நீக்கும் இயந்திரத்தின் மேல் என்று எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் அத்தை அதைத் தாடையில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது, பளிச்சென்று அடித்தது, வேலை முடிந்தது. எனக்கும் காதுக்கு முன்னால் முரட்டு முடி நிற்பது உங்களுக்குத் தெரியும். போன முறை வந்தபோது பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தீர்கள். வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். மறுபடியும் சிவப்பு. "உங்க கலரைப் பாத்து பயந்துடுச்சுங்க"ன்னு உங்க அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறா. கல்யாணம் பேசியபோதுகூட அவள் வீட்டில் யாரும் என் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, நேத்து வந்த பிளாஸ்டிக் டப்பா பேசுது!

ரயில் ஓட்டிய காலம் முழுவதும் ஒரு சிவப்பைக்கூடத் தாண்டாதவன் நான். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் புது ஓட்டுநர்களுக்கு சிக்னல் பாடம் எடுக்கப் பயிற்சிப் பள்ளியில் கூப்பிடுகிறார்கள். பச்சைக்காகப் பொறுத்தேன். எப்படியோ வந்தது. அடித்தேன், சுரீரென்றது. சுட்டாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் போலன்னு இன்னும் மூணு தடவை அடிச்சேன். சாயங்காலம் பார்த்தால் கன்னத்தில் வரிசையாக நாலு கட்டம், என்ஜின் கழன்ற சரக்கு ரயில் மாதிரி.

தோல் டாக்டரம்மா கேட்டதெல்லாம் கேள்வியா, விசாரணைக் கமிஷனா?

"கண்ணுக்குக் கண்ணாடி போட்டீங்களா?"

"படிக்கிற கண்ணாடி போட்டிருந்தேன்."

"நல்லதாப் போச்சு! கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகும்? வெயில்ல அலைஞ்சீங்களா? என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" அப்புறம் நிதானமாச் சொன்னாங்க: "கறுப்புத் தோல்ல நிறமி அதிகம் ஐயா. முடிக்குப் போக வேண்டிய வெளிச்சத்தைத் தோலே வாங்கிக்கும், வெந்துடும். அதனாலதான் இந்த மெஷின் உங்களுக்குப் பச்சை காட்டாது."

"எனக்குக் காட்டுச்சே!"

"காட்டாதே?"

உங்கள் அத்தைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

ஆகவே கம்பெனிக்கு நீங்களே கடுமையாகப் புகார் எழுத வேண்டும். ஆளின் நிறம் பார்த்து அவமதித்தது ஒரு குற்றம், பொய்ப் பச்சை காட்டிச் சுட்டது இன்னொன்று. இயந்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். திங்கட்கிழமை எனக்கு வகுப்பு. இந்தக் கன்னத்தோடு பிள்ளைகள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? உடம்பு முடியலைன்னு சொல்லிடலாமான்னு இருக்கு.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும், இருக்கிற முடியோடும் சுகமாக வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: பச்சை 'எப்படியோ வந்தது' என்ற இடத்தை உங்கள் அத்தை படித்துவிட்டாள். "உள்ளங்கையைக் காட்டி ஏமாத்தினீங்களே, அதை யாரு எழுதுவா?" என்கிறாள். உண்மைதான். உள்ளங்கை வெளுப்பு, அங்கே வைத்தால் பச்சை. அது அணைவதற்குள் கன்னத்துக்குத் தாவினேன், நாலு தடவையும். புகார் எழுத வேண்டாம். இயந்திரமும் திரும்பி வராது. அது சரியாகத்தான் சிவப்பு காட்டியது, தாண்டியவன் நான். திங்கட்கிழமை பாடத்துக்கு அதையும் கொண்டுபோகிறேன், கன்னத்தையும்.